கல் கரைக்கும் சிரப்: பிரஷர் மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கரூர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. சுகர், பிரஷர் இரண்டும் ரொம்ப வருடமாக இருக்கிறது. காலையில் பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, சாப்பாட்டோடு சுகருக்கு மெட்ஃபார்மின், இதுதான் அவருடைய வழக்கமான மாத்திரை. போன மாதம் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து ராத்திரி முழுக்கத் துடித்துவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சி.டி. ஸ்கேன் எடுத்ததில் வலது கிட்னியில் 9 மி.மீ. கல் இருப்பது தெரிந்தது. கோயம்புத்தூரில் பார்த்த யூராலஜி டாக்டர், "இது யூரிக் ஆசிட் கல் மாதிரி இருக்கிறது, மருந்திலேயே கரைக்கப் பார்க்கலாம்" என்று சொல்லிப் பொட்டாசியம் சிட்ரேட் சிரப் எழுதியிருக்கிறார். காலையும் இரவும் 10 மி.லி., தண்ணீரில் கலந்து. மூன்று மாதம் குடித்துவிட்டு வரச் சொன்னாராம்.

ஊருக்கு வந்து வாங்கப் போனால் பக்கத்து மெடிக்கலில் அந்த சிரப் இல்லை. "இதுவும் அதே மருந்துதான், நீர்க்கடுப்புக்கு எல்லோரும் வாங்கிப் போவதுதான்" என்று வேறொரு பாட்டில் கொடுத்தார்கள். லேபிளில் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் என்று போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? பெயரைப் பார்த்தால் ஒன்றாகத் தெரியவில்லை.

டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போனது தம்பி. பிரஷர் மாத்திரை பற்றி அங்கே பேச்சு வந்ததா என்று அவனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ரத்தப் பரிசோதனையும் அங்கே எடுக்கவில்லை. இணையத்தில் தேடினால் டெல்மிசார்டனோடு பொட்டாசியம் கூடாது என்று வருகிறது. அதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

இன்னொன்றும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். சித்தி தினமும் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். வாழைத்தண்டு ஜூஸ், சிறுபீளைக் கஷாயம் என்று வேறு நடக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு அப்பா ஒரு பிங்க் கலர் சிரப்பை அவ்வப்போது குடிப்பார். இதெல்லாம் சேர்ந்து ஏதாவது ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை மருந்தாளுநர்

அம்மா, திறக்காமல் வைத்திருப்பது நல்லது. அப்படியே இருக்கட்டும். நாளைக் காலையில் முதல் வேலையாக லேபில் ரத்தம் கொடுத்து, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், பைகார்பனேட் (ரத்தத்தில் புளிப்பைச் சமன்செய்யும் உப்பு) மூன்றும் பாருங்கள். ரிசல்ட் கையில் வந்ததும் கோயம்புத்தூர் டாக்டருக்குப் போன் போட்டு, அப்பா டெல்மிசார்டன் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லுங்கள். இது இரண்டும் முடிந்த பிறகுதான் எந்தச் சிரப்பாக இருந்தாலும் திறக்க வேண்டும்.

நான் அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தச் சிரப்புகளைப் பற்றி நம் ஊரில் இருக்கும் எண்ணம் எனக்கு என்றைக்குமே கவலை தருவது. வெயில் காலம் வந்தால் போதும், உடம்புச் சூட்டுக்கு என்று சொல்லிச் சீட்டே இல்லாமல் வாங்கிப் போவார்கள். இனிப்பாக, ஆரஞ்சு வாசனையோடு இருக்கும். குடித்ததும் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். அதனால் இதைச் சர்பத் வரிசையில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இது ஒரு உப்பு மருந்து. கை நிறைய உப்பு உள்ளே போகிறது. அது எந்த உப்பு என்பதுதான் உங்கள் அப்பா விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சிறுநீரில் இரண்டு சிரப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, அது சரி. சிட்ரேட் உடம்புக்குள் போய் பைகார்பனேட்டாக மாறும். அதைக் கிட்னி வெளியே தள்ளும்போது சிறுநீரின் புளிப்பு குறையும். யூரிக் ஆசிட் கல்லுக்கு இது ஏன் மருந்தாகிறது என்றால், சிறுநீரின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே இருக்கும்போது யூரிக் ஆசிட் கரையாமல் படிகமாகப் படிந்துவிடும். அதையே 6.5 அளவுக்குக் கொண்டுவந்தால் படிந்த கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பிஎச் 5இல் கரைவதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பிஎச் 7இல் கரையும். கத்தி வைக்காமல், குழாய் விடாமல், மருந்திலேயே கரைக்கக்கூடிய கல் என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். சுகர் உள்ளவர்களுக்குச் சிறுநீர் பொதுவாகவே கொஞ்சம் புளிப்பாக இருக்கும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாக இருந்தும் இந்தக் கல் வருவது அதனால்தான். எக்ஸ்ரேயில் தெரியாமல் சி.டி.யில் தெரிந்தது என்று சொன்னீர்களே, அதுவும் இந்தக் கல்லுக்குப் பொருந்துகிற அடையாளம். ஆக, உங்கள் டாக்டர் எடுத்த வழி நல்ல வழி. அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

இப்போது உப்புக் கணக்குக்கு வருகிறேன். பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பில் வழக்கமாக 5 மி.லி.க்கு 1,100 மி.கி. மருந்து இருக்கும். உப்புகளை அளக்கும் கணக்கில் அது 10 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம். டாக்டர் எழுதிய 10 மி.லி. இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 40. கிராமில் சொன்னால் ஒன்றரை கிராம் பொட்டாசியம். கிட்னி நன்றாக வேலை செய்கிறவருக்கு இது பெரிய சுமை இல்லை, வந்ததை வெளியே அனுப்பிவிடும். ஆனால் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரைகள் கிட்னி பொட்டாசியத்தை வெளியே விடுவதைக் குறைக்கும். ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு இன்னும் அதிகமாகக் குறைக்கும். வயது, சுகர், கிட்னித் தளர்ச்சி இவையும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கும். இதில் பயப்பட வேண்டிய விஷயம், ஏறுவது வெளியே தெரியாது. காய்ச்சல் வராது, வலிக்காது. சிலருக்குக் கை கால் தளரும், மரத்துப்போகும். சிலருக்கு இதயத் துடிப்பு தடுமாறுவதுதான் முதல் அறிகுறியாகவே இருக்கும். அதனால்தான் ரத்தம் பார்க்காமல் இதைத் தொடங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டும் சேரவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. டெல்மிசார்டனும் பொட்டாசியம் சிட்ரேட்டும் சேர்த்துச் சாப்பிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்து, அளவைச் சரிசெய்துகொண்டு நலமாக இருப்பவர்கள் உண்டு. அளவு தெரிந்து, டாக்டர் கண்ணுக்கு எதிரில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். பயந்துபோய் டெல்மிசார்டனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சுகர்காரர்களின் கிட்னியைக் காப்பாற்றும் மாத்திரை அது.

மெடிக்கலில் கொடுத்த பாட்டிலில் பொட்டாசியம் இல்லை, சோடியம் இருக்கிறது. இந்த வகை சிரப்பில் 5 மி.லி.க்கு ஏறத்தாழ 1.4 கிராம் மருந்து இருக்கும். 10 மி.லி. இரண்டு வேளை குடித்தால் நாளைக்கு ஒரு கிராமை ஒட்டிய சோடியம் உள்ளே போகும். சமையல் உப்புக் கணக்கில் அது இரண்டரை கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உப்பே 5 கிராமுக்குக் கீழேதான். பிரஷருக்காகக் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டு, மருந்து மூடியில் அதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதயம் பலவீனமானவர்கள், கால் வீங்குகிறவர்கள் மாதக்கணக்கில் இதைக் குடிப்பது நல்லதே இல்லை. கால்சியம் கல் உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஆகவே ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுப்பது கடைக்காரர் முடிவு செய்கிற விஷயமே இல்லை. எழுதியவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இளநீரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பெரிய இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். கிட்னி நன்றாக இருப்பவருக்கு அது நல்ல பானம். உங்கள் அப்பாவின் ரிசல்ட் வரும் வரை நிறுத்தி வையுங்கள். சித்திக்கு வருத்தம் வரும், தெரியும். டெஸ்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வாழைத்தண்டு ஜூஸுக்கும் அதே பதில்தான். கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "குறைந்த சோடியம் உப்பு" என்று பாக்கெட்டில் விற்கிறதே, அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பார்கள். வீட்டில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக அந்த பிங்க் சிரப். லேபிளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால், எந்த சிட்ரேட் மருந்தோடும் அதைச் சேர்க்கக் கூடாது. சாதாரணமாக அலுமினியம் குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். சிட்ரேட் இருந்தால் ரத்தத்துக்குள் புகுந்துவிடும். கிட்னி தளர்ந்தவருக்கு அது வெளியே போகாமல் தங்கி மூளையையும் எலும்பையும் பாதிக்கும். நெஞ்செரிச்சலுக்கு வேறு மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

நாமக்கல் லாரி

தங்கச்சி, எனக்கும் இதே யூரிக் ஆசிட் கல்தான். நான் லாரி ஓட்டுகிறவன். கேபின் சூட்டில் உட்கார்ந்து, வழியில் வண்டியை நிறுத்த இடமில்லாமல் தண்ணீரைக் குறைத்துக்குடிக்கிற தொழில். எங்கள் ஊர்ப்பக்கம் டிரைவர்களில் கல்லடைப்பு இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்குப் பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பில் கல் கரைந்துவிட்டது. அடுத்த சி.டி.யில் இல்லை. மருந்து வேலை செய்யும், நம்பிக்கையாக இருங்கள்.

ஐயா மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வீட்டில் பார்க்கும் பிஎச் பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் என்னை வாங்கச் சொன்னது அதுதான். சின்ன டப்பாவில் பட்டை பட்டையாக இருக்கும். அப்போது போன சிறுநீரில் ஒரு நொடி முக்கி எடுத்து, ஓரத்தில் தட்டி, டப்பா மேல் ஒட்டியிருக்கும் கலர் வரிசையோடு வைத்துப் பார்க்க வேண்டும். புளிப்பு அதிகமாக இருந்தால் ஆரஞ்சு. 6, 6.5 பக்கம் வந்தால் மஞ்சளிலிருந்து பச்சைக்குத் திரும்பும். அதற்கும் மேலே போனால் நீலம் கலந்த பச்சை. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் 6க்கும் 6.5க்கும் வித்தியாசமே தெரியாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிடித்து வைத்து அரை நாள் கழித்துப் பார்க்கவே கூடாது. நின்றுபோன சிறுநீர் தானாகவே காரமாக, அதாவது புளிப்புக்கு எதிராக, மாறிப் பொய்யான நம்பர் காட்டும். டப்பா மூடியை உடனே மூடிவிட வேண்டும். ஈரம் பட்டால் எல்லாப் பட்டையும் வீண்.

காலையில் எழுந்ததும் பார்க்கும் நம்பர் எப்போதும் கீழேதான் இருக்கும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஏறும். ஒரே நேரத்தில் ஒரே முறை பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், காலை, மத்தியானம், இரவு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அளவு மாற்றினார். எனக்கு அவர் சொன்ன இலக்கு 6.5. ஒரு கட்டத்தில் மத்தியானம் 7.5 காட்டியது. போன் பண்ணினேன், உடனே குறைத்தார். 7க்கு மேலே போய் அங்கேயே நின்றால் யூரிக் ஆசிட் கரையும், ஆனால் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்கும் என்றார். அதாவது ஒரு கல்லைக் கரைக்கப்போய் மருந்தில் கரையாத இன்னொரு கல்லை வளர்த்துவிடலாம். சீக்கிரம் கரையட்டும் என்று ஒரு மூடி சேர்த்து ஊற்ற வேண்டாம்.

குடிக்கும் முறையும் முக்கியம். சாப்பிட்டு அரை மணிக்குள், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து மெதுவாகக் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் அப்படியே வாயில் ஊற்றினால் வயிறு எரியும், பேதியாகும். வீட்டு ஸ்பூனை நம்பாதீர்கள். எங்கள் வீட்டிலேயே மூன்று சைஸில் ஸ்பூன் இருக்கிறது. பாட்டிலோடு வரும் மூடியில் 5, 10 என்று கோடு இருக்கும். அந்தக் கோடு பிளாஸ்டிக் கலரிலேயே இருப்பதால் அப்பா வயதில் கண்ணுக்குத் தெரியாது. பேனாவால் 10க்கு நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கரூர் மகள்

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. ரிசல்ட் வந்துவிட்டது. கிரியாட்டினின் 1.6. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 47 என்று போட்டிருக்கிறது. பொட்டாசியம் 5.3, பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி. பைகார்பனேட் 20. டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறாராம், சாயங்காலம் கூப்பிடச் சொன்னார்கள். மருந்தே தொடங்காமல் பொட்டாசியம் எப்படி ஏறியது? அவசரமாகக் கூட்டிப்போக வேண்டுமா? அப்பா சாதாரணமாகத்தான் இருக்கிறார். பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

மதுரை மருந்தாளுநர்

பதற வேண்டாம் அம்மா. 5.3 என்பது லேசான ஏற்றம். மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கை கால் தளர்ச்சி இதில் எதுவும் இல்லாமல் இருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்கலாம். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிராமல் 108ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மருந்து தொடங்காமலே ஏறியிருப்பதற்குக் காரணம் அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். 47 என்றால் கிட்னி தளர்ந்திருக்கிறது. அதோடு டெல்மிசார்டன், தினமும் ஒரு இளநீர். வலி வந்தபோது டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ போட்டார்களா என்று தம்பியிடம் கேளுங்கள். அந்த வகை வலி மருந்துகள் இப்படிப்பட்டவர்களுக்குக் கிட்னியையும் அடிக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும். ரத்தம் எடுக்கும்போது குழாயில் அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் டாக்டர் ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்லலாம்.

இந்த நம்பரோடு பொட்டாசியம் சிட்ரேட்டைத் தொடங்கவே கூடாது. நாளைக்கு 40 மில்லி ஈக்விவலன்ட்டை இதற்கு மேல் ஏற்றி, மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த ரத்தப் பரிசோதனை என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை. அதற்காகக் கடையில் கொடுத்த சோடியம் பாட்டிலைத் திறக்கலாம் என்றும் அர்த்தமில்லை. டாக்டரிடம் பேசும்போது நான்கு விஷயமும் வரிசையாகச் சொல்லுங்கள்: ரிசல்ட், டெல்மிசார்டன், வலி மருந்து, இளநீர். கால் வீக்கம் இருக்கிறதா, இதயத்தில் ஏதாவது பிரச்சினை உண்டா என்று அவர் கேட்பார். அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

நீர்க்கடுப்பு கேள்வி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 34. இரண்டு நாளாக நீர்க்கடுப்பு. அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, கொஞ்சமாகத்தான் வருகிறது. வீட்டில் மாமியாருக்கு வாங்கிய டைசோடியம் சிட்ரேட் சிரப் பாதிப் பாட்டில் மீதம் இருக்கிறது. போன வருடம் டாக்டர் கிருமிக்குக் கொடுத்த நைட்ரோஃப்யூரான்டோயின் மாத்திரையும் நாலைந்து இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா? எனக்கு வேறு நோய் எதுவும் இல்லை.

ராமநாதபுரம் நர்ஸ்

அக்கா, இரண்டையும் சேர்க்காதீங்க. நைட்ரோஃப்யூரான்டோயின் புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சிரப்பைக் குடித்துச் சிறுநீரின் புளிப்பைக் குறைத்துவிட்டால் அந்த மாத்திரையின் வீரியமும் குறைந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்த்தால் வேறு தொல்லை: புளிப்பு குறைந்த சிறுநீரில் அந்த மருந்தே படிகமாகப் படியலாம். நீர்க்கடுப்புக்கு அதிகம் எழுதும் மாத்திரைகளில் இவை இரண்டும் உண்டு. ஆனால் வார்டுக்கு வரும் பெண்களில் பலர் சிரப்பையும் கூடவே குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மருந்துதானே, ரெண்டு போட்டால் சீக்கிரம் சரியாகும் என்ற நினைப்பு.

இன்னொன்று, சிரப் கிருமியைக் கொல்லாது. எரிச்சலை மட்டும் கொஞ்சம் அடக்கும். அதுகூட எவ்வளவு உறுதி என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழு 2016இல் அலசிப் பார்த்தபோது, சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். எரிச்சல் அடங்கியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டு, குளிர்காய்ச்சலோடும் முதுகுவலியோடும் நாலு நாள் கழித்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் கிருமி கிட்னிக்கு ஏறியிருக்கும். சில கிருமிகள் யூரியாவை உடைத்துச் சிறுநீரைத் தாமாகவே காரமாக்கி அதிலேயே கல்லை வளர்க்கும். அப்படிப்பட்ட கிருமி உள்ளவர்களுக்கு இந்தச் சிரப் எதிரி.

மீதி மாத்திரை நாலைந்து என்பது முழு கோர்ஸும் இல்லை. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் காலையில் போங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் சிறுநீர் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, விலாப்பக்கம் வலி இதில் ஏதாவது இருந்தால் காலை வரை காத்திராதீங்க, இன்றைக்கே போய்விடுங்கள்.

மாமியாரின் பாட்டிலில் திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி ஓரத்தில் சர்க்கரை மாதிரி படிந்திருந்தால் கொட்டிவிடுங்கள். மாமியாருக்கு பிரஷர் இருந்தால் மேலே ஐயா எழுதிய சோடியம் கணக்கை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

கரூர் மகள்

டாக்டரிடம் பேசிவிட்டேன். நிதானமாகக் கேட்டார். பொட்டாசியம் சிட்ரேட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரத்தம் திரும்பவும் பார்த்ததில் பொட்டாசியம் 5.2. ஆக அது பொய் நம்பர் இல்லை. வலிக்கு டைக்ளோஃபெனாக்தான் போட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் தம்பி கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறான். இனி வலி வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு உடனே வரச் சொன்னார். டெல்மிசார்டன் தொடர வேண்டும், இளநீர் நிறுத்த வேண்டும்.

கல்லுக்குச் சோடியம் பைகார்பனேட் 500 மி.கி. மாத்திரை, காலை இரண்டு, இரவு இரண்டு. பத்து நாளில் ரத்தம், பிரஷர் இரண்டும் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யலாம் என்றார். நோட்டில் பிஎச் எழுதும் யோசனையைச் சொன்னதும் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. 6க்கும் 6.5க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றார். இங்கே பெரிய மெடிக்கலில் பேப்பர் கிடைத்தது.

ஒரு சந்தேகம் மட்டும். அம்மா, "இது ஆப்பசோடாதானே, வீட்டிலேயே இருக்கிறதே, மாத்திரை எதற்கு" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

மதுரை மருந்தாளுநர்

நல்ல டாக்டர். நல்ல முடிவு. பைகார்பனேட் 20 என்பது கொஞ்சம் குறைவு, அதனால் இந்த மாத்திரை அதற்கும் சேர்த்து உதவும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். பொருள் அதேதான், அளவுதான் மருந்து. ஒரு 500 மி.கி. மாத்திரையில் 137 மி.கி. சோடியம். நான்கு மாத்திரைக்கு நாள் முழுக்க 550 மி.கி. ஆப்பசோடாவை ஒரு டீஸ்பூன் எடுத்தால் அதிலேயே 1,200 மி.கி.க்கு மேல் வந்துவிடும். கை ஒருநாள் தாராளமாக அள்ளும், ஒருநாள் குறைவாக அள்ளும். டாக்டர் அளவு பார்த்து ஏற்றி இறக்க வழியில்லாமல் போகும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் சோடாவை அள்ளிப் போட்டுக் குடிப்பது தனியாகவே ஆபத்து, வயிற்றில் ஒரேயடியாகக் காற்று கிளம்பும்.

சோடியம் பக்கம் வந்துவிட்டதால் இனி கவனிக்க வேண்டியது வேறு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தள்ளி வையுங்கள், அப்போதுதான் மருந்தில் வரும் சோடியத்துக்கு இடம் இருக்கும். கால்சியம் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். கால்சியமும் சோடாவும் மாதக்கணக்கில் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிட்னியைக் கெடுக்கும். மூட்டுவலி, பல்வலி என்று வேறு டாக்டரிடம் போகும்போது இந்த மாத்திரையின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரின் புளிப்பு குறைந்தால் ஆஸ்பிரின் வகை மருந்து சீக்கிரம் வெளியேறும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் உள்ளேயே தங்கும்.

தண்ணீர் குடிக்கச் சொல்ல மறக்காதீர்கள். நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்கு வேண்டும். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தயங்கினால், பெரும்பகுதியைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் குடித்து முடிக்கச் சொல்லுங்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் மட்டும் போதும். மருந்து தொடங்கும் நாளில் காலை எடையையும் பிரஷரையும் அதே நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, பத்தாவது நாள் வரை பார்க்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.